குப்பைக்கூடையிலிருந்து ஒரு பக்கம்

அன்புள்ள சார்,

நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து அமெரிக்க இயக்குநர் வெஸ் ஆண்டர்சனின் படங்களை ஒரு மாதமாகப் பார்த்து முடித்தோம். முடித்த கையோடு முதலிடம், கடைசியிடம் என்று பட்டியல் போட உட்கார்ந்து, சண்டையில் போய் நின்றது. ‘தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’ (2014) தான் முதலிடம் என்று நானும் இன்னொருவரும் சொல்கிறோம். மூன்றாவது நண்பர் ‘தி ராயல் டெனென்பாம்ஸ்’ என்று அடம்பிடிக்கிறார். கடைசியிடம் ‘தி டார்ஜிலிங் லிமிடெட்’டுக்கு என்பது என் கட்சி. இந்தியாவை நீலப் பெயின்ட் அடித்த பொம்மை ரயிலாக்கிவிட்டார். 2014க்குப் பிறகு ஆளே காலி, தன்னையே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றும் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பட்டியல் என்ன?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இவருடைய படங்களுக்கு இதுவரை மூன்று தடவை பட்டியல் போட்டு மூன்றையும் கிழித்திருக்கிறேன். கடைசியில் தள்ளிவைத்த படம் எப்படியாவது மேலே ஏறிவந்து மானத்தை வாங்கிவிடும்.

அப்படி முதலில் ஏறியது ‘தி லைஃப் அக்வாட்டிக்’ (2004). சுமார் ஐந்து கோடி டாலர் செலவில் எடுத்து, போட்ட பணத்தைக்கூடத் தியேட்டரில் எடுக்காத படம். டிவிடியில் பார்த்தபோது பாதியில் எழுந்துவிட்டேன். கப்பலைக் குறுக்கே அறுத்து அறை அறையாகக் காட்டுகிறார். மாலுமி ஒருவர் ராக் பாடகர் டேவிட் போவியின் பாட்டுகளைப் போர்ச்சுகீசிய மொழியில் பாடிக்கொண்டிருக்கிறார். பில் முர்ரே சிவப்புக் குல்லாவோடு, எதிலும் பிடிப்பில்லாத முகத்தோடு திரிகிறார். கொலு பார்க்கப் போனது போல இருந்தது. கொலுவை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? சுண்டலும் கிடையாது.

பல வருஷம் கழித்து, அப்பா போன ஆறாவது மாதம், தூக்கம் வராத ஒரு ராத்திரியில் அதையே திரும்பப் போட்டேன். நண்பனைத் தின்ற சுறாவைக் கொல்லப் புறப்பட்டவர் ஸிஸ்ஸூ, அதாவது பில் முர்ரே. வழியில், மகனாக இருக்கலாம் என்று வந்து சேர்ந்த இளைஞனையும் பறிகொடுத்துவிடுகிறார். கடைசியில் எல்லோரும் ஒரு குட்டி நீர்மூழ்கிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, அந்தச் சுறா தலைக்கு மேலே மெதுவாகக் கடந்துபோகிறது. நிஜச் சுறா இல்லை, ஹென்றி செலிக் செய்துகொடுத்த பொம்மை. பொம்மை என்று பார்த்த கண்ணுக்கே தெரிகிறது. அதைப் பார்த்து, ‘அதுக்கு என்னை ஞாபகம் இருக்குமா?’ என்று கேட்கிறார் ஸிஸ்ஸூ. சுற்றி இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக அவர்மேல் கை வைக்கிறார்கள். அவ்வளவுதான். அன்றைக்கு என்னால் படத்தை நிறுத்திவிட்டு எழுந்திருக்கவும் முடியவில்லை.

அப்புறம்தான் புரிந்தது, இந்த ஆளுக்குத் தெரிந்த கதை ஒன்றே ஒன்று. அப்பா. மோசமான அப்பா, செத்துப்போன அப்பா, அப்பாவாக இருக்கத் தெரியாத அப்பா. சமச்சீர் ஃபிரேமும் வெளிர் ரோஜா நிறமும் அதை அடுக்கிவைக்கிற கொலுப்படி. 2023இல் போனை நடுவில் பிடித்துக்கொண்டு உலகமே ‘வெஸ் ஆண்டர்சன் ஸ்டைல்’ வீடியோ எடுத்ததே, அத்தனை பேரும் படியைத்தான் கட்டினார்கள்.

டார்ஜிலிங்குக்கு (2007) வருகிறேன். உங்கள் கோபத்தில் பாதிக்கு நானும் கையெழுத்துப் போடுவேன். ஆற்றில் மூழ்கிச் சாகிற அந்தக் கிராமத்துப் பையனின் சாவு, மூன்று வெள்ளைக்கார அண்ணன்தம்பிகளின் மனப்புண்ணுக்கு மருந்தாகிறது. பையனின் அப்பாவாக இர்ஃபான் கான். அவ்வளவு பெரிய நடிகருக்குப் பேச அநேகமாக ஒன்றுமில்லை. இதை என்னால் நியாயப்படுத்த முடியாது.

ஆனால் பொம்மை ரயில் என்கிறீர்களே, அங்கே இடிக்கிறது. செட் போடாமல், ராஜஸ்தான் தண்டவாளத்தில் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளுக்குள் எடுத்த படம் அது. அந்தப் பெட்டிக்குள் மூத்தவன் செய்கிற காரியத்தைக் கவனித்தீர்களா? ஆன்மிகப் பயணத்துக்கு நேரவாரியாக நிரல் போட்டு, அதை லேமினேட் செய்து தம்பிகளிடம் கொடுக்கிறான். அதற்காகவே கூட ஓர் உதவியாளர், ஒரு லேமினேட்டிங் மெஷின். இந்தியாவைப் பொம்மையாக்க முயல்கிறவன் அவன். அவனைப் பார்த்துத்தான் படம் சிரிக்கிறது. சிரிப்பு எங்கே நிற்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். இர்ஃபான் இறந்த பிள்ளையின் உடலைக் கழுவுகிறார். மூவரும் வெள்ளை உடையில் இறுதிச்சடங்குக்கு நடக்கிறார்கள். சட்டென்று படம் ஒரு வருஷம் பின்னால் போகிறது. தங்கள் அப்பாவின் இறுதிச்சடங்குக்கு நேரமாகிவிட்ட நிலையிலும், மெக்கானிக் ஷெட்டில் கிடக்கிற அப்பாவின் காரை எடுத்துக்கொண்டுதான் போவோம் என்று மூவரும் மல்லுக்கட்டுகிறார்கள். கார் கிளம்பவில்லை. எங்கள் வீட்டில் கார் இல்லை, ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

அந்த ரயிலில் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் கிழவரும் என் கணக்கில் உண்டு. குமார் பல்லானா. இந்தோரில் பிறந்து, அமெரிக்க மேடைகளில் தட்டு சுழற்றி வித்தை காட்டிப் பிழைத்தவர். டல்லாஸில் அவர் குடும்பம் நடத்திய காபிக்கடைக்கு இளம் ஆண்டர்சனும் நடிகர் ஓவன் வில்சனும் போய்வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் 1996இல் வந்த முதல் படத்திலேயே பெட்டகம் உடைக்கிற திருடனாக நடித்தார். அடுத்தடுத்த படங்களிலும் வந்தார். டெனென்பாம்ஸில் பகோடா என்ற வேலைக்காரர் அவர்தான். (பெயரைக் கேட்டுச் சிரிக்காத தமிழன் உண்டா?) ஆண்டர்சனுக்கு இந்தியா 2007இல் திடீரென்று தோன்றிய வண்ணப்படம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

கிராண்ட் புடாபெஸ்டில் எனக்குத் தகராறு இல்லை. ஒன்பது ஆஸ்கர் பரிந்துரை, நான்கு விருது. மூன்று காலத்துக்கு மூன்று விதமான திரை அளவு. எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் சேர்க்க ஒன்றுதான். ஊர் பேர் தெரியாத அகதிப் பையனை வளர்த்து ஆளாக்கிய ஹோட்டல்காரர் குஸ்தாவின் மரணத்தைப் படம் இரண்டு வாக்கியத்தில், போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அழ நமக்கு நேரமே கொடுப்பதில்லை.

2014க்குப் பிறகு காலி என்பதை ஏற்கமாட்டேன். ‘ஆஸ்டிராய்ட் சிட்டி’யில் (2023) ஒரு அப்பா, மனைவியின் சாம்பலை டப்பர்வேர் டப்பாவில் எடுத்துக்கொண்டு பாலைவன ஊருக்கு வருகிறார். அம்மா இறந்து மூன்று வாரமாகியும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. சொன்ன பிறகு மூன்று குட்டிப் பெண்களும் அந்த டப்பாவை மண்ணில் புதைத்துச் சூனியக்காரிகள் போல மந்திரம் போடுகிறார்கள். காலியான ஆள் இதை எழுதமாட்டான்.

கடைசியிடம் என்று ஒன்று சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால், ‘தி பிரெஞ்ச் டிஸ்பாட்ச்’ (2021). ஒரு பத்திரிகையின் கட்டுரைகளே கதைகளாக வருகிற படம். மாணவர் புரட்சிக் கதை எனக்கு ஒட்டவே இல்லை. மூச்சுவிட இடமில்லாமல் சரக்கை ஏற்றிவைத்திருக்கிறார். கொலுப்படி மட்டும்தான். ஆனால் பாருங்கள், கடைசிக் கதையில் ஒரு சமையல்காரர், கடத்தல்காரர்களை ஏமாற்ற விஷம் கலந்த உணவைத் தானே தின்றுவிட்டுப் பிழைக்கிறார். கட்டுரையைப் படிக்கிற ஆசிரியர், ‘இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைதானே வருகிறது?’ என்று கேட்கிறார். ‘வேறொன்றும் சொன்னார். ரொம்பத் துக்கமாக இருந்தது, தூக்கிப்போட்டுவிட்டேன்’ என்கிறார் எழுதியவர். குப்பையில் போட்ட அந்தப் பக்கம் திரும்பி வருகிறது. இந்த ஊருக்கு அந்நியர்களான இரண்டு பேர் தாங்கள் அந்நியர்கள் என்பதைப் பேசிக்கொள்ளும் நாலு வரி. இதற்காகத்தானே கட்டுரையே என்கிறார் ஆசிரியர். எழுதியவருக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

ஆகவே அந்தப் படத்தையும் கடைசியில் வைக்கக் கை வரவில்லை. நாலாவது பட்டியலும் போச்சு.

முதலிடத்தில் நான் உங்கள் மூன்றாவது நண்பரோடு நிற்கிறேன், டெனென்பாம்ஸ்தான். ராயலின் மகன் சாஸ், விமான விபத்தில் மனைவி இறந்ததிலிருந்து தானும் இரண்டு பிள்ளைகளும் ஒரே மாதிரி சிவப்பு டிராக்சூட்டில் திரிகிறவன். ஓடவேண்டி வந்தால் தயாராக இருக்க வேண்டுமாம். கடைசிப் பகுதியில் காமிரா வெட்டே இல்லாமல் தெருவோடு நகர்ந்துவந்து, புது நாய்க்குட்டியோடு நிற்கிற அப்பா மகன் முன்னால் நிற்கிறது. ‘இந்த வருஷம் ரொம்பக் கஷ்டமாப் போச்சுப்பா’ என்கிறான் சாஸ். ‘தெரியும்டா’ என்கிறார் ராயலாக வரும் ஜீன் ஹாக்மன். அத்தனை வருஷம் எதற்கும் உபயோகப்படாத அப்பா.

அப்பாவின் இறுதிச்சடங்கிலும் சாஸும் பிள்ளைகளும் டிராக்சூட்டில்தான் நிற்கிறார்கள். ஆனால் கறுப்பு. உங்கள் நண்பர் அதைக் கவனித்தாரா என்று கேட்டு எழுதுங்கள்.