கடற்கரையில் கிடைத்த கோலிக்குண்டு பழையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் நல்ல தண்ணீரில் நனைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அலையும் மணலும் உரசி மங்கிப்போன கண்ணாடி, ஈரம் பட்டதும் உள்ளே இருப்பதைக் காட்டிவிடும்.

பிறகு மெல்லச் சுழற்றித் தழும்பைத் தேடுங்கள். கைவேலைக் கோலியைச் சூடான கண்ணாடித் தண்டிலிருந்து வெட்டியெடுப்பார்கள். அதனால் ஒரு முனையிலோ எதிரெதிர் முனைகளிலோ சொரசொரப்பான வெட்டுத்தழும்பு நிற்கும். கடல் அதைத் தேய்த்திருந்தால் நிற இழைகளைப் பாருங்கள்: முறுக்கிக்கொண்டு ஓடி இரண்டு முனைகளிலும் குவிந்தால், கைவேலைதான் என்று பெரும்பாலும் நம்பலாம். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லவுஷாவில் செய்தவை இந்த வகை. சேகரிப்பவர்கள் தேடுவதும் இவற்றைத்தான்.

இதழ் போன்ற நிறப்பட்டை உள்ள பூனைக்கண் கோலி இயந்திரத்தில் செய்தது; 1950-களில் ஜப்பானிலிருந்து பரவியது. அழகானது, ஆனால் மலிவு.

ஒரே வெளிர்பச்சையாக, உள்ளே எதுவும் இல்லாமல் இருந்தால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது ஆங்கிலேயப் பொறியாளர் ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற சோடா பாட்டிலின் கோலியாக இருக்கலாம், தொழிற்சாலை வேலைக்குப் பயன்படுத்திய கோலியாகவும் இருக்கலாம். கோலியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பக்கத்திலேயே கழுத்து நெரித்த தடித்த பாட்டில் துண்டு கிடைத்தால் அது நல்ல சான்று.

தேடும் இடம்: புயலுக்குப் பின், நீர் வற்றும் நேரத்தில், கூழாங்கல் வரிசைகளில். வெறும் மணலில் அரிதாகவே அகப்படும்.

தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். கண்ணாடியைச் சுரண்டி எடுத்தால் தழும்பும் போய்விடும், மதிப்பும் போய்விடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்தால் போதும்.