மகனின் பெயரைச் சொல்லாமல் இருந்துவிடலாமா?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் நகரில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு 16 வயது. பெர்மிட் பெற்று எங்களோடு கார் ஓட்டிப் பழகுகிறான். நவம்பரில் உரிமத் தேர்வு. அவன் பெயரைச் சேர்த்தால் எங்கள் இரண்டு கார்களுக்கான இன்சூரன்ஸ் ஏறக்குறைய இரு மடங்காகும் என்கிறார் ஏஜென்ட். "வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டப்போகிறவனைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும்" என்கிறார் கணவர். டெக்சாஸில் இருக்கும் என் தம்பியோ, 18 வயது வரை உரிமமே எடுக்க வேண்டாம், வயது ஏறினால் கட்டணம் குறையும் என்கிறான். என்ன செய்வது? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கணவரின் யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதில்தான் ஆபத்து இருக்கிறது. ஓட்டும் வயதில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று காப்பீட்டு நிறுவனம் விண்ணப்பத்திலேயே கேட்கிறது. பாலிசியைப் புதுப்பிக்கும்போதும் கேட்கக்கூடும். தெரிந்தே ஒரு பெயரை மறைத்தால் பாலிசியையே செல்லாததாக்க நிறுவனத்துக்கு இந்த மாநிலச் சட்டம் உரிமை தருகிறது. உங்கள் மகன் ஒரு மாலை நேரத்தில் மிஷன் பொலிவார்டில் இடப்பக்கம் திரும்பும்போது எதிரே வரும் வண்டியின் வேகத்தைத் தவறாகக் கணித்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று அடிபட்டவரின் மருத்துவமனைச் செலவு உங்கள் வீட்டையும் சேமிப்பையும் தேடி வரும். மகன் உரிமம் பெறுவதற்காக விண்ணப்பத்தில் நீங்கள் போடும் கையெழுத்தே, அவனால் பிறருக்கு நேரும் இழப்புக்கு நீங்களும் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்வதுதான். ஆகவே மறைக்க வேண்டாம். அவனை "எக்ஸ்க்ளூடட் டிரைவர்", அதாவது காப்பிலிருந்து விலக்கப்பட்ட ஓட்டுநர், என்று எழுதிக் கொடுத்துக் கட்டணத்தைக் குறைக்கும் வழி ஒன்று உண்டு. ஆனால் அப்படி எழுதிக் கொடுத்தபின் அவசரத்துக்குக்கூட அவன் அந்தக் கார்களைத் தொடக்கூடாது, தொட்டால் காப்பீடே இல்லை.

உங்கள் தம்பி சொல்வது அவர் ஊருக்குப் பொருந்தலாம். உங்கள் ஊருக்குப் பொருந்தாது. 1988-இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய 103-ஆம் முன்மொழிவின்படி, கார் காப்பீட்டுக் கட்டணத்தைக் கணக்கிடும் நிறுவனம் முதலில் ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவையும், அடுத்து ஆண்டுக்கு ஓட்டும் மைல்களையும், மூன்றாவதாக உரிமம் பெற்று ஓட்டிய ஆண்டுகளையும் பார்க்க வேண்டும். ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் 2019 முதல் இங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. கணக்கில் வருவது பிறந்த தேதியைவிட உரிமம் பெற்ற தேதிதான் என்பதால், 18 வயதில் முதன்முதலாக உரிமம் எடுப்பவனும் அனுபவமில்லாதவனாகவே கணக்கில் வருவான். குறைந்தது 20 சதவீதம் தள்ளுபடி தரும் "நல்ல ஓட்டுநர்" சலுகைக்கு மூன்று ஆண்டுகள் உரிமம் வைத்திருக்க வேண்டும். இப்போது எடுத்தால் 19-லும், தள்ளிப்போட்டால் 21-லும் அது கிடைக்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் எனக்கு உண்டு: இப்போது அவன் உங்கள் பக்கத்தில் இருக்கிறான், 18-இல் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவான்.

கட்டணம் ஏன் இவ்வளவு என்று கோபம் வருவது இயல்பு, எனக்கும் வந்தது. ஆனால் 16 முதல் 19 வயது வரையிலான ஓட்டுநர்கள் ஓட்டும் மைல்களோடு ஒப்பிட்டால், அவர்கள் சிக்கும் உயிரிழப்பு விபத்துகளின் விகிதம் 20 வயதுக்கு மேற்பட்டோருடையதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. என் மகள் பழகிய நாட்களில் ஞாயிறு காலை பள்ளி வாகன நிறுத்தத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு திருப்பத்திலும் என் வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடிக் கால்விரிப்பை அழுத்தும். அவளிடம் திறமைக் குறைவு எதுவும் இல்லை. எந்த வண்டி நிற்கும், எது நிற்காது என்பதை முன்கூட்டி உணரும் பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கம் வரத்தான், பெற்றோரோடு 50 மணி நேரம், அதில் 10 மணி நேரம் இரவில் ஓட்ட வேண்டும் என்று மாநிலம் விதித்திருக்கிறது. பல வீடுகளில் படிவத்தில் கையெழுத்து மட்டும் விழுகிறது. நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். மழையிலும் 880 நெடுஞ்சாலையிலும் அவனை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

குறைக்கக்கூடிய இடங்கள் சில உண்டு. தனிப் பாலிசி எடுக்காமல் அவனை உங்கள் பாலிசியிலேயே சேர்த்துவிடுங்கள். பெரும்பாலும் அதுவே மலிவு. மதிப்பெண் சராசரி 'பி' அல்லது அதற்கு மேல் இருந்தால் மாணவர் சலுகை கேளுங்கள். உண்மையாகவே பழைய காரைத்தான் ஓட்டப்போகிறான் என்றால், அவனை அந்தக் காருக்கு உரியவனாகப் பதியச் சொல்லுங்கள். அந்தக் கார் சில ஆயிரம் டாலர்தான் பெறும் என்றால் மோதலில் அந்தக் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான "கொலிஷன்" காப்பை விட்டுவிடலாம். செல்பேசிச் செயலி ஓட்டும் விதத்தைக் கவனித்துத் தள்ளுபடி தரும் திட்டங்களைப் பற்றித் தம்பி சொன்னால், இங்கே அவை மைல்களைச் சரிபார்க்க மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன என்று சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் குறைக்காதீர்கள்: பிறருக்கு நேரும் இழப்புக்கான "லயபிலிட்டி" வரம்பு. 1967 முதல் மாறாமல் இருந்த மாநிலக் குறைந்தபட்சம் 2025 ஜனவரி 1-இல் உயர்ந்தது. உயர்ந்த பின்னும் ஒருவருக்கு ஏற்படும் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000, பொருட்சேதத்துக்கு 15,000 மட்டுமே. இன்றைய மின்சாரக் கார் ஒன்றின் விலைக்கே அந்த 15,000 போதாது. சொந்த வீடு இருந்தால், வரம்பை உயர்த்தி, அந்த வரம்பையும் தாண்டும் இழப்பை ஏற்கும் ஓர் "அம்பிரெல்லா" பாலிசியும் எடுக்க என்ன ஆகும் என்று கேளுங்கள். மற்ற இடங்களில் மிச்சம் பிடித்ததை இங்கே போடுவதில் எனக்குத் தயக்கமில்லை.

உரிமம் கிடைத்த முதல் ஆண்டில் இரவு 11 முதல் காலை 5 வரை அவன் தனியே ஓட்டக்கூடாது. பெற்றோரோ 25 வயது நிரம்பிய உரிமதாரரோ உடன் இல்லாமல் 20 வயதுக்குட்பட்ட நண்பர்களை ஏற்றக்கூடாது. இதை அவனிடம் நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். அக்டோபர் மதிப்பெண் அட்டை வந்ததும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, தேர்வுக்கு முந்தைய வாரமே ஏஜென்டை அழையுங்கள். கூடவே வேறு இரண்டு நிறுவனங்களிடமும் அதே வரம்புகளுக்குக் கட்டணம் கேளுங்கள்.