கடை வாசலில் கரடி வேஷம் போட்ட ஆளை நிறுத்தினால் வியாபாரம் கூடுமா?

கூட்டம் கூடும். அது வியாபாரமாக மாறுமா என்பது, வேஷத்துக்குள் இருப்பவரை நீங்கள் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. கல்லூரி விடுமுறைகளில் கரடி வேஷம் போட்டு ஒரு கடை வாசலில் நின்றவன் நான்.

தலையை மாட்டியதும் பாதி உலகம் மறைந்துவிடும். நான் போட்டதில் கரடியின் கண் வெறும் பிளாஸ்டிக். வாயில் தைத்திருந்த வலைத்துணி வழியாகத்தான் பார்க்க வேண்டும். என் காலே எனக்குத் தெரியாது. ஒருநாள் திரும்பும்போது முழங்காலில் ஏதோ இடித்தது. குனிந்து தடவிப் பார்த்தால் ஒரு குழந்தையின் தலை! நல்லவேளை, கீழே விழவில்லை. துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் இனி நிற்க மாட்டேன் என்று அன்றே முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்தது சூடு. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஸ்பாஞ்சும் ரோமத் துணியும் அதைக் காயவே விடாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய், தலையைக் கழற்றி, தண்ணீர் குடித்து, காற்றாட உட்கார்ந்தே ஆக வேண்டும். நல்ல வெயிலில் அந்த 20 நிமிடமே அதிகம். இதை வேலைக்குக் கள்ளம் என்று நினைக்கும் முதலாளிகள் உண்டு, அது அநியாயம். என்னோடு மாற்றி மாற்றி நின்ற நண்பன் ஒருமுறை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். பேசக்கூடாத வேஷம் என்பதால் அவன் தவித்தது வெளியே யாருக்கும் தெரியவில்லை. இரண்டு கையையும் தலையில் வைத்தால் ‘உடனே உள்ளே கூட்டிப்போ’ என்று அர்த்தம் என அதற்குப் பிறகு பேசி வைத்துக்கொண்டோம். நீங்களும் இப்படி ஒரு சைகையை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் பயப்படுவார்கள். அவர்களிடம் போகவே கூடாது. தூரத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து மெல்லக் கையசைத்தால், சில பிள்ளைகள் தானாகவே வரும். பிள்ளை வீறிட்டு அழுதால் பெற்றோர் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள்.

நிற்கும் இடம் வாசலுக்கு நேராக வேண்டாம், வழி அடைபடும். சற்றுத் தள்ளி, ஆட்கள் நடந்து வரும் பக்கமாக நிற்கட்டும். சாலையோரம் கூடவே கூடாது.

பிரபலமான கார்ட்டூன் உருவத்தை அனுமதியில்லாமல் எடுக்காதீர்கள், காப்புரிமைச் சிக்கல் வரும். சொந்தமாக ஒன்றை உருவாக்குங்கள். ஜப்பானின் குமாமோட்டோ மாகாணம் 2010-இல் கொண்டுவந்த குமாமோன் என்ற கருப்புக் கரடியைப் பாருங்கள். சிவந்த கன்னம், எங்கே பார்த்தாலும் அதே முகம். உள்ளூர் வியாபாரிகள் அனுமதி பெற்றுத் தங்கள் பொருள்களில் அந்தப் படத்தைப் போட வழி செய்தார்கள். அதனால்தான் அது மனதில் நின்றது. உங்கள் பையிலும் பில்லிலும் பலகையிலும் உங்கள் சொந்த உருவத்தின் முகம் இருந்தால், வேஷம் இல்லாத நாளிலும் கடை நினைவுக்கு வரும்.

தினமும் நிறுத்தினால் பழகிப்போய் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். திறப்பு விழா, விடுமுறை நாள் மாலைகள் போதும். கரடி கையால் ஒரு தள்ளுபடி அட்டை கொடுக்கச் சொல்லி, கல்லாவுக்குத் திரும்பி வரும் அட்டைகளை எண்ணுங்கள். பலன் எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும்.

உடையை வாங்கும் முன் நீங்களே ஒருமுறை போட்டுக்கொண்டு, மதிய வெயிலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். துணை ஆளுக்கும் ஓய்வுக்கும் எவ்வளவு ஒதுக்குவது என்று அதன் பிறகு கணக்குப் போடுங்கள்.