பத்தாயிரம் ஆகாவிட்டால் தூக்கம் வருவதில்லை, டாக்டர்!

கேள்வி: எனக்கு வயது 51. பள்ளி ஆசிரியை. எட்டு மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 6.1 என்று வந்தது. மாத்திரை வேண்டாம், நடங்கள் என்றார் டாக்டர். மகன் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து தினமும் 10,000 அடி. குறைந்தால் இரவு பத்தரை மணிக்குக்கூட ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்து முடித்துவிட்டுத்தான் படுப்பேன். போன மாதம் காய்ச்சலோடும் நடந்தேன். ஒருநாள் சார்ஜ் தீர்ந்துவிட்டது, நடந்ததெல்லாம் வீணாகிப் போச்சு. காலை, மாலை இரண்டு வேளையும் எடை பார்க்கிறேன். காலையில் 68.4, மாலையில் 69.3. வாட்ச் தினமும் 420 கலோரி எரிந்ததாகக் காட்டுகிறது, எடை மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவோடு வாய்க்கால் கரையில் நடப்பேன். அவர் மெதுவாக நடப்பதால் என் சராசரி குறைகிறது என்று இப்போது தனியாகப் போகிறேன். இரண்டு மாதமாக வலது முழங்கால் வலி. நடையைக் கூட்டுவதா, குறைப்பதா?

பதில்: வணக்கம் டீச்சர். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். சார்ஜ் தீர்ந்த அன்று நடந்தது வீணாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம். அன்றும் உங்கள் கால் நடந்தது, இதயம் வேகமாகத் துடித்தது, தொடைத் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டது. இதில் எதுவும் வாட்சிடம் அனுமதி கேட்டு நடக்கவில்லை. வாட்சுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. ஜப்பானில் உடற்பயிற்சி மோகம் ஏறியிருந்த அந்தச் சமயத்தில், 1965-ல், யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் 'மான்போ-கெய்'. 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள். நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து கண்டுபிடித்த அளவல்ல, டீச்சர். விற்கத் தோதான ஒரு முழு எண். நீங்கள் பரீட்சைக்கு 35 மார்க் வைக்கிற மாதிரி ஒரு கோடு.

முறையான ஆய்வுகள் ரொம்பப் பின்னால்தான் வந்தன. 2019-ல் அமெரிக்காவில் சுமார் 17,000 மூத்த பெண்களை, சராசரி வயது 72, வைத்து ஓர் ஆய்வு வெளியானது. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் நன்றாகவே குறைந்திருந்தது. 7,500 வாக்கில் பலன் மேலே ஏறாமல் சமமாகிவிட்டது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ம் ஆண்டுத் தொகுப்பு, அறுபதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தச் சமநிலை 8,000 முதல் 10,000-க்குள் வருகிறது என்றது. ஆகவே உங்கள் இலக்கு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பலனின் பெரும்பங்கு முதல் சில ஆயிரம் அடிகளிலேயே கைக்கு வந்துவிடுகிறது. 9,640-க்கும் 10,000-க்கும் நடுவே உடம்பு கோடு எதுவும் போட்டு வைத்திருக்கவில்லை. அந்த 360 அடிக்காகப் பத்தரை மணிக்கு எழுந்து நடப்பதில் உங்களுக்குக் கிடைப்பது வாட்சின் அதிர்வு மட்டும்தான்.

அந்த அதிர்வின் ருசி எனக்கும் தெரியும். சில வருடம் முன்பு நானும் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஓ.பி.யில் உட்கார்ந்தபடியே, நோயாளி சொல்வதைக் கேட்டுக்கொண்டே, மேஜைக்குக் கீழே கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி, "டாக்டருக்குக் கை நடுக்கமா?" என்று கேட்ட பிறகுதான் கழற்றினேன். இந்த வாட்ச் அளப்பது காலை அல்ல, கையை. சப்பாத்தி தேய்த்தாலும், கரும்பலகை துடைத்தாலும், குண்டும் குழியுமான ரோட்டில் வண்டியில் போனாலும் அடி ஏறக்கூடும். இரண்டு கையிலும் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நிஜமாகவே நடந்து வந்தால் பாதியை விட்டுவிடவும் கூடும்.

கலோரிக் கணக்கு இதைவிட மோசம். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கையில் கட்டும் கருவிகள் ஏழை எடுத்துச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே காட்டின. கலோரியில் எல்லாமே சறுக்கின. இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் 420 என்பது 300 ஆகவும் இருக்கலாம், 530 ஆகவும் இருக்கலாம். "இன்றைக்குத்தான் 420 எரித்துவிட்டோமே" என்று மாலை டீயோடு இரண்டு வடை சேர்ந்தால் கணக்கு எங்கே நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நீங்கள் அப்படிச் செய்வதாக எழுதவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் செய்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

எடை விஷயத்துக்கு வருவோம். காலைக்கும் மாலைக்கும் நடுவே 900 கிராம் கூடுகிறது என்கிறீர்கள். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர, செலவுக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட வேண்டும். ஒரு தோசை 130 கலோரி என்று வைத்தால், 900 கிராமுக்கு ஐம்பதுக்கும் மேல். பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் ஐம்பது தோசை சாப்பிட்டீர்களா? இல்லை. அது தண்ணீர், சாம்பார் சாதம், இன்னும் வெளியேறாத மலம், ஊறுகாய் உப்பு பிடித்து வைத்திருக்கும் நீர். தசையும் ஈரலும் சேமித்து வைக்கும் மாவுச்சத்தோடுகூட அதைப்போல மூன்று மடங்கு தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் விருந்து சாப்பிட்டால் மறுநாள் ஒரு கிலோ ஏறுவதும், இரண்டு நாளில் தானே இறங்குவதும் இப்படித்தான். இதையெல்லாம் தினம் இரண்டு வேளை ஏறி நின்று பார்ப்பதில் என்ன இருக்கிறது? வாரம் ஒரு நாள், காலையில் கழிவறை போய்வந்த பிறகு, காபிக்கு முன்னால். போதும்.

அதைவிட உபயோகமான ஒரு பொருள் உங்கள் தையல் டப்பாவில் இருக்கும். இஞ்ச் டேப். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. மூச்சை எக்கிப் பிடிக்காமல் மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். எடை அசையாமல் இடுப்பு குறைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எடையே குறையாவிட்டாலும் நடந்த தசை சர்க்கரையை நன்றாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை நீடிக்கும். அதனால்தான், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்கிறோம். ஒருநாள் விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

காய்ச்சலோடு நடந்ததை மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். இனி செய்யாதீர்கள். சில வைரஸ் காய்ச்சல்களில் இதயத் தசையிலும் அழற்சி வரலாம், அந்த நேரத்தில் உடம்பை வருத்துவது ஆபத்து. காய்ச்சல் விட்டு, பசி திரும்பி, படியேறினால் இரைக்காத நிலை வந்த பிறகு ஆரம்பியுங்கள். அதேபோல நடக்கும்போது மார்பில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான இரைப்பு, தலைசுற்றல் என்று எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னும் எத்தனை அடி பாக்கி என்று பார்க்கக் கூடாது.

முழங்காலைப் பரிசோதிக்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த ஹால் நடை மேல்தான் சந்தேகம். ஹாலுக்கும் சமையலறைக்கும் பத்து அடி நடை இருக்குமா? 2,000 அடி நடக்க 200 தடவை திரும்ப வேண்டும். வெறுங்காலோடு, வழவழ டைல்ஸில், ஒவ்வொரு திருப்பத்திலும் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். நீங்கள் எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்புகிறீர்களா என்று இன்றிரவு கவனித்துப் பாருங்கள், பெரும்பாலோர் அப்படித்தான். முதலில் இதை நிறுத்துங்கள். அதற்குப் பதில் வாரம் மூன்று நாள், சாப்பாட்டு மேஜை நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுந்திருங்கள். பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. வலித்தால் நாற்காலி மேல் ஒரு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். தொடைத் தசை உறுதியானால் முழங்காலின் சுமை குறையும். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு நடையைப் போலவே இதுவும் அவசியம். உலக சுகாதார நிறுவனமும் வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி என்றுதான் சொல்கிறது. அடிக்கணக்கு அங்கே கிடையாது. மூட்டு வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, காலை ஊன்றும்போது மடங்கினாலோ, மூன்று வாரத்தில் வலி குறையாவிட்டாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ராத்திரி நடக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், எட்டு மணிக்குச் சாப்பிட்டு, பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை ஒரு பதினைந்து நிமிடம் போய் வாருங்கள். 2013-ல் வந்த ஒரு சிறிய ஆய்வு, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பதினைந்து நிமிடம் நடந்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியதைக் காட்டியது. உங்களுக்கு வேண்டியதும் அதுதானே. வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டி.வி. முன்னாலிருந்து அவரும் கொஞ்சம் எழுந்த மாதிரி இருக்கும்.

எண்ணே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறவருக்கு, "இன்றைக்கு 1,800 அடிதான்" என்று வாட்ச் காட்டுவது நல்ல அதிர்ச்சி. உங்களை முதல் மாதம் வாசலைத் தாண்ட வைத்ததும் அதுதான். ஆனால் எண்ணுவதற்கு ஒரு விலை உண்டு. 2016-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் மாணவர்களைப் படங்களுக்கு வண்ணம் தீட்டச் சொன்னார். எத்தனை முடித்தார்கள் என்று கண்ணில் காட்டப்பட்டவர்கள் அதிகமாகத் தீட்டினார்கள், ஆனால் அவர்களுக்கு அது பிடிக்காமல் போனது. நடையிலும் அப்படியே. எண்ண ஆரம்பித்ததும் விளையாட்டு வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகள் எவ்வளவு நாள் ஆசையாகச் செய்வார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். சர்க்கரைக்கான நடையோ இன்னும் முப்பது வருடம் நடக்க வேண்டிய நடை.

எனவே இரண்டு வாரம் வாட்சைப் பீரோவில் வையுங்கள். கை பரபரக்கும், முதல் நான்கைந்து நாள்தான். அந்தப் பரபரப்பு இரண்டு வாரம் கழித்தும் அடங்காமல் தூக்கத்தைக் கெடுத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது அதைத் தனியாகவே கவனிக்க வேண்டும். வேகத்தை அளக்க உங்கள் வாயே போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். எச்பிஏ1சி எடுத்து எட்டு மாதமாகிவிட்டது, இந்த மாதமே ஒருமுறை எடுத்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். 5.7-லிருந்து 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. நீங்கள் பதற்றப்படாமல் பார்க்க வேண்டிய ஒரே எண் இப்போதைக்கு அதுதான்.

அப்புறம், அந்த அக்கா. அவர் மெதுவாக நடந்தால் நடக்கட்டும். போகும்போது அவரோடு பேசிக்கொண்டே போங்கள், கரையில் அவர் உட்கார்ந்ததும் நீங்கள் மட்டும் வேகமாக ஒரு பத்து நிமிடம் போய்த் திரும்புங்கள், பிறகு சேர்ந்தே வீட்டுக்கு வாருங்கள். திங்கட்கிழமை காலை நீங்களே போய் அவர் கதவைத் தட்டுங்கள். எட்டு மாதமாக எங்கே போனாய் என்று திட்டுவார். வாய்க்கால் வரைக்கும் அந்தத் திட்டே தாங்கும்.