கேள்வி – பதில்: நைட்டாலில் கறுத்துப்போன உருக்கு

உலோகவியல் லேபில் உருக்குத் துண்டை எமரித் தாளில் தேய்த்து, பாலிஷ் போட்டு, நைட்டாலில் (நைட்ரிக் அமிலம் கலந்த எத்தனால்) முக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒருமுறை வெறும் கோடுகள், இன்னொரு முறை முழுக்கக் கறுப்பு. புத்தகப் படத்தில் உள்ளதுபோல் பெர்லைட் (உருக்கில் வரிவரியாகத் தெரியும் நுண்ணமைப்பு) தெரியவே இல்லை. எங்கே தவறு?
— மூன்றாம் ஆண்டு பி.இ. மாணவர், ஈரோடு

கோடு வேறு நோய், கறுப்பு வேறு நோய்.

முதலில் கோடு. நம் கல்லூரிகளில் பெரும்பாலும் 1/0, 2/0, 3/0, 4/0 என்று நான்கு எமரித் தாள்கள் இருக்கும். எண் ஏற ஏறத் தாள் நைசாகும். ஒரு தாளில் ஒரே திசையில் மட்டும் தேயுங்கள். அடுத்த தாளுக்குப் போகும்போது துண்டை 90 பாகை திருப்பிப் பிடித்தால், பழைய கோடுகள் குறுக்கே நிற்பது தெரியும். அவை மறைந்ததும் நிறுத்திவிடுகிறீர்கள், அங்கேதான் கோளாறு. மறைய எவ்வளவு நேரம் ஆனதோ அதே அளவு நேரம் மறுபடியும் தேய்க்க வேண்டும். கோட்டுக்கு அடியில் நசுங்கிய உலோகப் படலம் ஒன்று இருக்கிறது. கோடு போனாலும் அது போகாது. பாலிஷ் போட்டபோது கண்ணாடிபோல் இருந்த துண்டில் எட்ச் செய்ததும் (அமிலத்தால் லேசாக அரித்ததும்) கோடு எழும்புவது அதனால்தான்.

தாள் மாற்றும்போதெல்லாம் துண்டையும் கையையும் குழாயில் கழுவுங்கள். 1/0 தாளின் ஒரே ஒரு துகள் 4/0 தாளுக்கு வந்து சேர்ந்தால் போதும், அரைமணி நேர வேலை வீண். வெல்வெட் துணியில் அலுமினாக் கரைசலை விட்டுப் பாலிஷ் போடும்போது சக்கரம் சுற்றும் திசைக்கு எதிராகத் துண்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருங்கள். அசையாமல் அழுத்திப் பிடித்தால் ஒவ்வொரு கசட்டுக்கும் பின்னால் வால்நட்சத்திரம்போல் ஒரு வால் முளைக்கும்.

இனி கறுப்பு. 2 சதவீத நைட்டால் என்பது 98 மி.லி. எத்தனாலில் 2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம். அமிலத்தைத்தான் எத்தனாலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சாதாரண உருக்குக்கு 5 முதல் 10 விநாடி போதும், கார்பன் அதிகமென்றால் அதைவிடக் குறைவு. கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புங்கள். கண்ணாடிப் பளபளப்பு மங்கி, மூச்சுக்காற்று பட்டதுபோல் ஆன கணமே தண்ணீரில் கழுவி, மேலே ஆல்கஹால் ஊற்றி, சூடான காற்றில் உலர்த்திவிடுங்கள். கறுத்துவிட்டால் திரும்ப எட்ச் செய்து பயனில்லை, வெல்வெட் துணிக்கே திரும்பிப் போக வேண்டும். வானவில் நிறத்தில் கறை வந்தால் அது உருக்கின் அமைப்பு அல்ல. துண்டைப் பதித்திருக்கும் பேக்கலைட் பிளாஸ்டிக்குக்கும் துண்டுக்கும் நடுவே தங்கிய ஈரம் கசிந்திருக்கிறது.

உங்கள் துண்டு சரியாகவே வந்திருக்கவும் வாய்ப்புண்டு. 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பெர்லைட் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். ஃபெரைட்டும் (ஏறக்குறைய தூய இரும்பு) சிமென்டைட்டும் (இரும்புக் கார்பைடு) மாறிமாறி அடுக்கிய வரிகளைப் பார்க்க 400, 500 மடங்காவது வேண்டும். நார்மலைஸ் செய்த (சூடாக்கிக் காற்றில் குளிரவிட்ட) உருக்கில் வரிகள் மிக நெருக்கமாக இருப்பதால் அப்போதும் பிரிந்து தெரியாமல் போகலாம். புத்தகப் படங்கள் பெரும்பாலும் மெதுவாகக் குளிரவிட்ட உருக்கில் எடுத்தவை.

ஒரு எச்சரிக்கை. மிச்சமான நைட்டாலை இறுக மூடி அலமாரியில் வைக்காதீர்கள். நைட்ரிக் அமிலமும் எத்தனாலும் சேர்ந்து வாயு கிளம்பிப் புட்டி வெடித்த விபத்துகள் உண்டு; அமிலம் 5 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து இன்னும் கூடும். அன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே கலக்குங்கள். எத்தனால் தீர்ந்துவிட்டதென்று அசிட்டோனை எடுத்து அமிலத்தோடு சேர்ப்பது, விளையாட்டுக்குக்கூடக் கூடாது.

0.4 சதவீதக் கார்பன் உள்ள உருக்கில் முன்-யூடெக்டாய்டு ஃபெரைட் எவ்வளவு? புத்தக விடை 49 சதவீதம், எனக்கு 94 வருகிறது.
— இரண்டாம் ஆண்டு மாணவி, திருச்சி

உங்கள் கணக்கு சரி, கேள்விதான் மாறிவிட்டது. 94 என்பது மொத்த ஃபெரைட்.

முன்-யூடெக்டாய்டு ஃபெரைட் என்பது பெர்லைட் உருவாகும் முன்பே பிரியும் ஃபெரைட்; அது 727 டிகிரிக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. ஆகவே இரும்பு–கார்பன் நிலை வரைபடத்தில் கோட்டை 727-க்கு ஒரு மயிரிழை மேலே போட வேண்டும். அங்கே இடது முனை 0.022, வலது முனை 0.76 சதவீதக் கார்பன். நெம்புகோல் விதிப்படி (0.76 − 0.4) ÷ (0.76 − 0.022) = 0.488. மீதி 51.2 சதவீதம் பெர்லைட். நீங்கள் வலது முனையாக சிமென்டைட்டின் 6.67-ஐ எடுத்திருக்கிறீர்கள், அது 727-க்குக் கீழே போடும் கோடு. பெர்லைட்டுக்குள்ளும் 88.9 சதவீதம் ஃபெரைட்தான். 51.2-இல் அந்தப் பங்கு 45.5, அதோடு 48.8-ஐக் கூட்டிப் பாருங்கள், உங்கள் 94.3 வந்து நிற்கும்.

ஈரோட்டு மாணவருக்கும் இது உதவும். மெதுவாகக் குளிரவிட்ட 0.4 சதவீத உருக்கென்றால் மைக்ராஸ்கோப்பில் ஏறக்குறைய பாதிப் பரப்பு கறுப்பாக இருக்க வேண்டும். முக்கால்வாசி கறுப்பென்றால், எட்சிங் மிஞ்சியிருக்கிறது அல்லது துண்டே வேறு.

சால்-ஜெல் முறையில் துத்தநாக ஆக்சைடு செய்து எக்ஸ்-ஆர்-டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு) எடுத்தோம். 36.2 பாகையில் உச்சி, அரை உயரத்தில் அகலம் 0.40 பாகை. படிக அளவைத் தரும் ஷெரர் சமன்பாட்டில் எனக்கு 0.36 நானோமீட்டர், நண்பனுக்கு 24.6. யார் சரி?
— எம்.எஸ்சி. மாணவர், மதுரை

இருவரும் தவறு. 0.36 நானோமீட்டரைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். துத்தநாக ஆக்சைடின் ஒரு அலகுக்கூட்டின் உயரமே 0.52 நானோமீட்டர். செங்கல்லைவிடச் சின்னதாக ஒரு சுவர் இருக்குமா? அகலத்தைப் பாகையிலேயே போட்டுவிட்டீர்கள். ரேடியனாக மாற்றினால் 0.00698. நண்பர் அதைச் சரியாகச் செய்துவிட்டு, வரைபடத்தின் கிடை அச்சு இருமடங்கு தீட்டா என்பதை மறந்து 36.2-க்கே கோசைன் எடுத்திருக்கிறார். எடுக்க வேண்டியது 18.1-க்கு, அதாவது 0.9505.

0.9 × 0.15406 ÷ (0.00698 × 0.9505) = 20.9 நானோமீட்டர். (0.9 வடிவ மாறிலி; 0.15406 செப்பு எக்ஸ்-கதிரின் அலைநீளம், நானோமீட்டரில்.)

இதிலும் கருவியின் அகலம் கலந்திருக்கிறது. படிகம் பெரிதான ஒரு நியமப் பொருளை அதே கருவியில் ஓட்டி, அதன் அகலத்தைக் கழிக்க வேண்டும். அது 0.10 பாகை என்று வைத்துக்கொண்டு வர்க்கங்களைக் கழித்தால் விடை 21.6 ஆகிறது. ஆய்வேட்டில் ‘ஏறக்குறைய 21 நானோமீட்டர்’ என்றே எழுதுங்கள். 20.89 என்று இரண்டு தசமம் போடுவது, மூட்டை நெல்லை நகைக்கடைத் தராசில் நிறுத்த கதை. இன்னொன்று: இது படிகத் துணுக்கின் அளவு, துகளின் அளவல்ல. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 100 நானோமீட்டர் உருண்டை தெரிந்தால் பதற வேண்டாம், ஒரு உருண்டைக்குள் பல துணுக்குகள் இருக்கலாம்.

ஆக்சாலிக் அமிலத்துக்கு எதிரான பெர்மாங்கனேட் தரம் பார்த்தலில் குடுவை பழுப்பாகிவிடுகிறது. ஏன்?
— பி.எஸ்சி. முதலாம் ஆண்டு, நாகர்கோவில்

மாங்கனீசு டைஆக்சைடு படிகிறது. நீர்த்த சல்பூரிக் அமிலம் போதவில்லை, அல்லது அவசரத்தில் பியூரெட்டை மளமளவென்று திறந்துவிட்டீர்கள். 60–70 டிகிரிக்குச் சூடாக்கித் தொடங்குங்கள். கொதிக்கவிட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதையும். முதல் சில சொட்டுகள் நிறம் மாற நேரமெடுக்கும், காத்திருங்கள். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையூக்கியாகிவிடுவதால் பிறகு வேகம் தானாக வரும். சல்பூரிக்குக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுக்காதீர்கள், பெர்மாங்கனேட்டில் ஒரு பங்கை அது குளோரினாக மாறித் தின்றுவிடும். கரைசல் கடும் நிறமென்பதால் பியூரெட்டில் மேல்விளிம்பைப் படியுங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிவுநிலை.

மகள் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். பி.இ. படிக்காமல் பொருளறிவியல் பக்கம் போக முடியுமா?
— ஒரு தந்தை, தஞ்சாவூர்

முடியும். வழக்கமான பாதை, பி.எஸ்சி. முடித்து ஜாம் தேர்வெழுதி எம்.எஸ்சி., பிறகு கேட் எழுதி எம்.டெக். அல்லது ஆராய்ச்சி. எம்.எஸ்சி.யில் மின்வேதியியலும் திண்மநிலை வேதியியலும் கிடைத்தால் விடக்கூடாது. பேட்டரி, துருப்பிடித்தல், பூச்சு எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (சிக்ரி) இந்தத் துறைகளுக்கென்றே இருப்பது.

கேட் தேர்வில் வேதியியல் தாள் அவளுக்குப் பழகியது. பொறியியல் அறிவியல் தாளிலும் பொருளறிவியல் ஒரு பிரிவாக உண்டு, 35 மதிப்பெண். ஆனால் அந்தத் தாளில் 15 மதிப்பெண்ணுக்குப் பொறியியல் கணிதம் கட்டாயம். எந்தத் தாளை எந்தக் கல்லூரி ஏற்கிறது என்பதை விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அலைடு மேத்ஸ் நோட்டை மட்டும் இப்போதே பழைய பேப்பர் கடையில் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.