வால்பரின் மாத்திரையை நிறுத்தலாமா? – மன்னார்குடி சகோதரிக்கு

7 வாரக் கர்ப்பம், வலிப்புக்கு வால்பரின் ஓடுகிறது, மாமியார் "மாத்திரையைத் தூக்கிப் போடு" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ச்சியாக வரலாம். அது தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து.

மாமியார் பயத்திலும் நியாயம் இருக்கிறது. வால்பரினில் இருக்கும் வால்ப்ரோயேட் கொஞ்சம் பொல்லாத மருந்துதான். சாதாரணமாக 100 குழந்தைகளில் 2, 3 பேருக்கு வரும் பிறவிக் குறை, இதில் ஏறக்குறைய 10 பேருக்கு வருகிறது: முதுகுத்தண்டு, இதயம், பிளந்த அண்ணம். மூளை வளர்ச்சியையும் பாதிக்கலாம். டோஸ் கூடக் கூட ஆபத்தும் கூடும். அதனால்தான் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு முடிந்தவரை லெவெடிராசிட்டம், லாமோட்ரிஜின் என்று மாற்றுகிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே இதை உங்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

முதுகுத்தண்டு உருவாகும் கட்டம் 6 வாரத்திலேயே முடிந்துவிடும், இப்போது மாத்திரையை நிறுத்தி அந்தக் குறையைத் தடுக்க முடியாது. ஆனாலும் டோஸைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதை நரம்பியல் டாக்டர் இந்த வாரமே முடிவு செய்யட்டும். மாத்திரை அட்டையோடு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குப் போங்கள். ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. பற்றிக் கேளுங்கள், நர்சம்மா தரும் சத்து மாத்திரையில் இருப்பது 0.5தான். 18–20 வாரத்தில், குழந்தைக்குப் பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனைத் தவற விடாதீர்கள்.

ஆறு, குளம் பக்கம் தனியாகக் குளிக்கப் போக வேண்டாம். தலைவலி என்று கடையில் கேட்டு எதையும் வாங்கிப் போடவும் வேண்டாம். இப்போது எத்தனை மில்லிகிராம் சாப்பிடுகிறீர்கள், கடைசியாக வலிப்பு வந்தது எப்போது?