அப்பா படி இறங்கப் பயப்படுகிறார், எக்சென்ட்ரிக் சைக்கிளிங் செய்யலாமா?

உங்கள் கேள்வி இது: அப்பாவுக்கு 68 வயது, படி ஏறிவிடுகிறார், இறங்கத்தான் கம்பியைப் பிடித்துத் தயங்குகிறார். பிசியோ எக்சென்ட்ரிக் சைக்கிளிங் (மோட்டார் தள்ளும் பெடலைக் காலால் தடுக்கும் பயிற்சி) செய்யலாம் என்கிறார், ஆனால் அதில் தசை கிழியும், பயங்கர வலி வரும் என்று படித்திருக்கிறீர்கள். தசைக்கும் நரம்புக்கும் உண்மையில் என்ன ஆகும்?

நான் மலேசியாவில், பினாங்கில் பிசியோவாக வேலை செய்கிறேன், உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். செய்யலாம், நல்ல பயிற்சி. ஆனால் முதல் சில வாரங்களில் பாரத்தை ஏற்றக் கூடாது, ஏனென்றால் அந்த வாரங்களில் முதலில் பாடம் கற்றுக்கொள்வது நரம்பு. அதற்கு நேரம் கொடுக்காமல் பாரத்தை ஏற்றும்போதுதான் நீங்கள் படித்த அந்த வலி எல்லாம் வருகிறது.

தைப்பூசத்துக்கு இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறியிருப்பீர்கள், 513 படி. ஏறும்போது மூச்சு வாங்கும், வேர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். இறங்கும்போது ஒன்றும் தெரியாது, பேசிக்கொண்டே வந்துவிடலாம். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ நாற்காலியில் உட்காரும்போது முன்தொடை பிடித்து இழுக்கிறதே, அது பெரும்பாலும் இறங்கியதால் வந்தது. ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கியபடி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே, உடம்பு சரிந்துவிடாமல் பிடித்துப் பிடித்து விடுகிறது. முதலாவது கான்சென்ட்ரிக், இரண்டாவது எக்சென்ட்ரிக். சாதாரண சைக்கிளில் இந்த இரண்டாவது வேலை ஏறக்குறைய இல்லவே இல்லை. இறக்கத்தில் சும்மா உருண்டு வருகிறோம், அவ்வளவுதான். ஜிம் சைக்கிளில் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினாலும் அது எக்சென்ட்ரிக் ஆகாது, இதைப் பலர் தவறாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதற்கென்று தனி மெஷின் உண்டு. மோட்டார் பெடலை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும், நாம் காலால் அதைத் தடுக்க வேண்டும், ஆனால் நிறுத்திவிடக் கூடாது. முதல் தடவை உட்கார்ந்த ஓர் அம்மா, "மெஷின்தானே மிதிக்குது தம்பி, எனக்கு என்ன வேலை?" என்று கேட்டார், நியாயமான கேள்வி. 1952-இல் லண்டனில் ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று பேர் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்பக்கம் மிதிக்க, மற்றவர் அதைத் தடுத்தார். இருவர் காலிலும் விசை ஒன்று, வேகமும் ஒன்று, ஆனால் மிதித்தவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன், வேகத்தைப் பொறுத்து, தடுத்தவரைப் போல இரண்டரையிலிருந்து ஐந்து மடங்கு வரை. இதை மேடையில் செய்து காட்டியபோது சிறிய உருவம் கொண்ட ஒரு பெண் அலட்டிக்கொள்ளாமல் தடுத்தே எதிரில் மிதித்த ஆணைக் களைக்க வைத்துவிட்டார். நுரையீரல் நோயாளிகளுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் இந்தப் பயிற்சியை ஆராய்ச்சியாளர்கள் முயன்றதற்குக் காரணம் இதுதான்: மூச்சு தாங்காத ஒருவரின் காலுக்கும் நல்ல பாரம் கொடுக்க முடிகிறது.

தசைக்கு எப்படி இவ்வளவு மலிவாக விசை கிடைக்கிறது? தசை சுருங்குவது ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் ஒன்றையொன்று பிடித்து இழுப்பதால்; நீளும்போது அந்தப் பிடியை இழுவையே பிரித்துவிடுகிறது, ஒவ்வொரு பிடிக்கும் எரிபொருள் செலவழிக்க வேண்டியதில்லை. கூடவே டைட்டின் என்ற புரதம் சுருள்வில்லாக இழுபட்டுத் தானும் விசை தருகிறது.

இப்போது நரம்புக்கு வருவோம், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். உடலிலிருந்து தனியாக எடுத்துச் சோதித்த தசை, நீளும்போது அசையாமல் பிடிப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான விசை தரும். பழக்கமில்லாத ஒரு மனிதரை முழுப் பலத்தோடு அதையே செய்யச் சொன்னால் அவ்வளவு வராது. அந்த நேரத்தில் வெளியிலிருந்து மின் தூண்டல் கொடுத்துப் பார்த்தால் கூடுதல் விசை வருகிறது! ஆக, தசையில் சரக்கு இருக்கிறது, நரம்பு மண்டலம்தான் விடமாட்டேன் என்கிறது. தசை நீளும்போது தண்டுவடத்தில் அனிச்சைத் துடிப்புகள் அடங்கிவிடுகின்றன, மூளையின் மேலடுக்கான புறணியோ வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்கிறது. பயிற்சி தொடரத் தொடர இந்தத் தடை தளர்கிறது. ஆரம்ப வாரங்களில் தசை பெருப்பதற்கு முன்பே பலம் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு காலை மட்டும் பழக்கினாலும் மறுகாலுக்கும் கொஞ்சம் பலம் போய்ச் சேர்கிறது, எக்சென்ட்ரிக் பயிற்சியில் இது கூடுதலாகவே தெரிகிறது.

மெஷின் திரையிலேயே இதைப் பார்க்கலாம். முதல் நாள் விசைக் கோடு தாறுமாறாகக் குதிக்கும், ஒரு சுற்றில் பெடலை உதைப்பார்கள், அடுத்த சுற்றில் விட்டுவிடுவார்கள், கால் விரல்களை ஷூவுக்குள் இறுக்கிக்கொள்வார்கள், பலர் மூச்சையும் அடக்கிக்கொள்வார்கள். சில தடவை வந்த பிறகு கோடு சமமாகும், முகமும் தளரும். பாரம் கூட்டுவதற்கு முன் நான் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். "மூச்சே வாங்கலியே, இன்னும் ஏத்துங்க" என்று கேட்பவர்களுக்கு நான் ஏற்றுவதில்லை.

காரணம், அளவு மீறினால் பாதிப்பு மூச்சில் தெரியாது, பின்னால்தான் வரும். வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பலமோ செய்த உடனேயே குறைந்து சில நாள் அப்படியே இருக்கும். தசைக்குள் சில நுண்பகுதிகள் அளவுக்கு மீறி இழுபடுகின்றன, நரம்புத் துடிப்பைக் கேட்டு, தசையைச் சுருங்க வைக்கும் கால்சியத்தை வெளியேற்றும் வேலையும் மந்தமாகிறது. அதைவிட உங்கள் அப்பா விஷயத்தில் எனக்குக் கவலை தருவது வேறு: கண்ணை மூடினாலும் முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று தெரிகிற உணர்வு அந்த நாள்களில் பிசகுகிறது. ஏற்கெனவே படியில் தடுமாறும் ஒருவருக்கு விழுவதற்கு அது போதும். பாரம் கூடிய மறுநாள் அவரைக் கோயில் படிக்கோ மாடிக்கோ தனியாக அனுப்பாதீர்கள்.

நல்ல செய்தி, முதல் தடவை லேசாகச் செய்தாலே தசை பழகிக்கொள்கிறது, அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கும். அதனால் ஐந்து நிமிடம், சும்மா இருப்பது போலத் தோன்றும் பாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை என்று ஆரம்பித்து, மெல்ல இருபது, முப்பது நிமிடத்துக்கு வரலாம். சீட்டை அமைக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், பெடல் மிகத் தள்ளிப் போகும் நிலையிலும் முட்டி சற்று மடங்கியே இருக்க வேண்டும், நிறுத்தும் பட்டன் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பயிற்சிக்குப் பிறகு தொடை வீங்கி, சிறுநீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அபூர்வம்தான், ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

மெஷின் உள்ள இடம் கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியில், மூன்று நான்கு விநாடி எடுத்து மெதுவாக உட்காரச் சொல்லுங்கள், எழும்போது கையால் ஊன்றிக்கொள்ளட்டும். அதே தசை, அதே வேலை. பொத்தென்று கடைசியில் விழாமல் உட்கார வந்த பிறகு, வீட்டுப் படியின் கடைசி ஒரு படியில், கம்பியைப் பிடித்தபடி இறங்கிப் பழகலாம், நீங்கள் கீழே, அவருக்கு முன்னால் நின்றுகொள்ளுங்கள்.